தண்ணீர்ப் பந்தலும் உப்பின் அளவும்

திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் கோடைக்கென்றே வழங்கிவரும் பானங்கள் நீர்மோர், பானகம், இளநீர், பதநீர், நீராகாரம் ஆகியவை. பங்குனி பிறந்ததும் கோயில் வாசல்களிலும் கடைவீதி முனைகளிலும் கீற்றுப் பந்தல் எழும். மணல் பரப்பி, அதன்மேல் மண்பானையை வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, வருவோர் போவோருக்குக் குவளையில் மொண்டு கொடுப்பார்கள். வெறும் தண்ணீரில் தொடங்கிய இந்த வழக்கத்தில் உப்பு, வெல்லம், புளிப்பு என ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. உடல் இழப்பது தண்ணீரை மட்டுமல்ல, அதில் கரைந்த உப்புகளையும்தான் என்று வேதியியல் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்தது. எந்த உப்பு, எவ்வளவு என்ற கணக்கு முடிவாக 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி ஆகிவிட்டது. அந்த உப்புகளுக்கு வேதியியல் தந்த பெயர் எலக்ட்ரோலைட், தமிழில் மின்பகுளி. வீட்டுப் பானங்களில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து பார்ப்பது இன்று பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு ஏற்ற எளிய ஆய்வு.

ஊற்றுத் தண்ணீர்

காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. நடுவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவு. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டிய பிறகு இரு கிளைகளுக்கும் போகும் தண்ணீரைப் பங்கிடுவது எளிதாயிற்று. ஆனாலும் கடுங்கோடையில் இரண்டுமே மணல்வெளியாகிவிடும். அப்போது ஆற்றில் இறங்கி, மணலைக் கையால் பறித்து ஊற்றுப் போடுவார்கள். முதலில் கலங்கலாகக் கசியும். அதை இறைத்துக் கொட்டிவிட்டால் அடுத்தது தெளிந்து ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பலாம். திருச்சிக்குக் குடிநீர் தருவதற்காக இன்று ஆற்றுப் படுகையில் அமைந்துள்ள நீர்சேகரிப்புக் கிணறுகளும் இந்த மணல் வடிகட்டலையே பெரிய அளவில் செய்கின்றன.

ஸ்ரீரங்கம் கோயிலில் திருமஞ்சனத் தண்ணீருக்குத் தனி முறை உண்டு. ஐப்பசி மாதம் முழுவதும் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து காவிரித் தண்ணீர் தங்கக் குடத்தில் யானைமேல் வரும். மற்ற மாதங்களில் கொள்ளிடத்துத் தண்ணீர். கோயில் வழக்கில் கொள்ளிடத்துக்கு வடதிருக்காவிரி என்று பெயர். அருகிலுள்ள திருவானைக்கா பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. அங்கே கருவறைக்குள்ளேயே நீர் ஊறும்.

ஊர்க்காரர்கள் தண்ணீரை நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்தார்கள். நாக்கோடு அடுப்படியும் அதற்குச் சோதனைக்கூடமாக இருந்தது. பருப்பு வேகாமல் நிற்கும் தண்ணீர், அரப்பும் சோப்பும் நுரைக்காத தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீர் எல்லாம் உப்புத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரைப் பற்றி வேதியியல் சொல்வதும் இதுவே. ஆற்றுத் தண்ணீரிலும் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை கரைந்திருக்கின்றன, சோடியம் சிறிதளவே. வியர்வையில் அதிகமாக வெளியேறுவதோ சோடியமும் குளோரைடும். ஆகவே வெயிலில் நெடுநேரம் உழைத்தவர் வெறும் ஆற்றுத் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் இழந்த உப்பு திரும்புவதில்லை.

பந்தல் என்னும் அறம்

முப்பத்திரண்டு அறங்களைப் பட்டியலிடும் மரபில் தண்ணீர்ப் பந்தலும் ஒன்று. காவிரிக் கரையில் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்ததைச் சேக்கிழாரின் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. 12ஆம் நூற்றாண்டு நூல் அது. தாம் காணாத ஒருவரின் பெயரை அடியவர் எழுதிவைக்க ஏற்ற இடமாகத் தண்ணீர்ப் பந்தல் தோன்றியிருக்கிறது என்றால், அக்காலத்தில் அந்த அறத்துக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த அறத்தின் நடைமுறைக் கணக்கைக் காட்டுகின்றன. பந்தலுக்கு நிலம் விடுவது வழக்கம். அதன் விளைச்சலில் தண்ணீர் கொண்டுவருபவருக்கு ஒரு பங்கு, வார்ப்பவருக்கு ஒரு பங்கு, கலமும் பானையும் தரும் குயவருக்கு ஒரு பங்கு என்று பிரித்து எழுதப்பட்டது. பானை உடையும், ஆள் மாறுவார், ஆனால் பந்தல் நிற்கக் கூடாது என்ற நோக்கத்தில் செய்த ஏற்பாடு அது.

தண்ணீரில் மோரும் வெல்லமும் கலந்த பந்தல்கள் கோயில் திருவிழாக்களை ஒட்டி வளர்ந்தன. இதற்குத் திருச்சி வட்டாரத்தில் தெளிவான சான்று சமயபுரம். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் சமயபுரத்து மாரியம்மன் பக்தர்களின் நலத்துக்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாட்களில் அம்மனுக்குத் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, வெள்ளரிப் பிஞ்சு ஆகியவையே நைவேத்தியம். விரதம் இருக்கும் பக்தர்களில் பலரும் இவற்றையே உணவாகக் கொள்வார்கள். சமைக்காத, தண்ணீர்ச் சத்து மிகுந்த, உடலுக்குக் குளிர்ச்சி என்று ஊரார் கருதும் பொருள்களாகவே இந்தப் பட்டியல் அமைந்திருக்கிறது. பனி குறைந்து வெயில் ஏறும் பருவத்தில், அம்மை நோய் பரவும் என்று மக்கள் அஞ்சிய காலத்தில் இந்த விரதம் வருவதும் கவனிக்கத்தக்கது.

வைணவ வீடுகளில் ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் வடைப்பருப்பும் படைப்பார்கள். பானகம் என்பது வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தது. நீர்மோர் என்பது தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்த மோரில் பல பங்கு தண்ணீர் விட்டு, உப்பு, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்த்தது. ஒன்றில் இனிப்பு, மற்றதில் உப்பு. இரண்டும் அடுத்தடுத்து வழங்கப்படுவதன் பொருள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

மருத்துவசாலைகள்

நோயாளிக்கு உப்பும் நீரும் தருவதில் கோயில் சார்ந்த மருத்துவசாலைகளுக்கும் பங்கு இருந்தது. காஞ்சிபுரம் வட்டாரத்தில் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும், அங்கே ஓர் ஆண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளையும் குறிப்பிடுகிறது. அந்தப் பட்டியலில் தைலங்கள், நெய் மருந்துகள் ஆகியவற்றோடு கல்யாண லவணம் என்ற உப்பு மருந்தும் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளர்கள் சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் இருந்து ஆண்டார்கள். அவர்கள் காலத்தில் ஸ்ரீரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை ஏற்பட்டது. பின்னர் படையெடுப்பில் அது அழிந்தது. 1493ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, கருடவாகன பட்டர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததைப் பதிவுசெய்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் கோயிலுக்குள் இருக்கிறது.

சித்த மருத்துவம் உப்புகளை 25 வகையாக எண்ணுகிறது. கறியுப்பும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடு; வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். நாட்டு மருத்துவர்கள் இவற்றைச் சுவையாலும், படிக வடிவாலும், நெருப்பில் இட்டபோது நடந்துகொள்ளும் விதத்தாலும் அடையாளம் கண்டார்கள். சோடியம், பொட்டாசியம் என்று பிரித்து எடைபோட அவர்களிடம் வழி இருக்கவில்லை. ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அந்த இரண்டு உலோகங்களையும் பிரித்தெடுத்ததே 1807இல்தான்.

வாந்திபேதியும் முதல் அளவீடும்

1826 ஏப்ரல் 3 அன்று கல்கத்தா பிஷப் ரெஜினால்டு ஹீபர் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். அன்று காலை கோட்டைப் பகுதித் தேவாலயத்தில் வழிபாடு நடத்திவிட்டு, வெயிலில் திரும்பி, குளியல் தொட்டியில் இறங்கியவர் பிணமாகவே எடுக்கப்பட்டார். அவருக்கு வயது 42. புனித ஜான் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. திருச்சிக் கோடை வெளியூர்க்காரருக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

வெயிலைவிடப் பெரிய பகை காலரா. வங்காளத்தில் 1817இல் மூண்ட தொற்று மறு ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் புகுந்தது. ஊர் வழக்கில் அதற்கு வாந்திபேதி என்று பெயர். மக்கள் கூட்டமாகக் கூடி ஒரே நீர்நிலையைப் பயன்படுத்தும் திருவிழா ஊர்கள் அனைத்தும் அந்த நூற்றாண்டில் அதற்கு அஞ்சி வாழ்ந்தன. காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் கண் குழிந்து, தோல் சுருங்கி, தசை இழுத்து இறந்துபோவார். மருத்துவர்கள் அப்போது செய்தது பெரும்பாலும் இரத்தம் வடித்தல், அபின், பாதரச மருந்து.

1831இல் இங்கிலாந்தின் வடகரைக்குக் காலரா வந்தபோது வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். இரத்தம் தண்ணீரையும் உப்புகளையும் பெருமளவு இழந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டு ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்பு நீரை நரம்புவழி செலுத்திச் சிலரைப் பிழைக்கவைத்தார். அந்தச் சிகிச்சை அப்போது நிலைக்கவில்லை. ஓஷானெசி 1833இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிற்பாடு இந்தியாவின் தந்தி வலையமைப்பை நிறுவியவரும் அவரே.

மைக்கேல் ஃபாரடே 1834இல் எலக்ட்ரோலைட், அயனி முதலிய சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கரைசலில் மின்சாரம் பாயும்போது சிதையும் பொருள் எலக்ட்ரோலைட். உப்பு தண்ணீரில் கரைந்த உடனேயே மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் அதற்குக் காரணமல்ல என்று ஸ்வாந்தே அரீனியஸ் 1880களில் விளக்கினார். அதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றார். நேர்மின்சாரத்தைச் செலுத்தினால் மின்முனைகளில் வாயு படிந்து அளவு பிசகுவதைக் கண்ட பிரீட்ரிக் கோல்ராஷ், மாறுமின்சாரத்தைப் பயன்படுத்திக் கரைசலின் மின்கடத்துத்திறனை நம்பகமாக அளக்கும் முறையை வகுத்தார். நீரில் கரைந்த உப்புகளை மதிப்பிட இன்று கடையில் கிடைக்கும் சிறு டி.டி.எஸ். மீட்டர் அந்த முறையின் வாரிசு.

இதே நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைப் பாளையங்களின் வழியாக வந்த ஒரு பானம் சோடா. ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற, கழுத்தில் கோலிக்குண்டு அடைக்கும் குப்பி தமிழ்நாட்டில் கோலி சோடா என்றே பெயர் பெற்றது. பெயரில் சோடா இருந்தாலும் உள்ளே இருப்பது அழுத்தி ஏற்றிய கார்பன் டைஆக்சைடு கலந்த தண்ணீர். அதில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் குடிக்கும்போதுதான் சோடியம் சேர்கிறது.

1930: திருச்சியிலிருந்து உப்புக்கு ஒரு நடை

கடற்கரை அளங்களிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு வண்டி வருவது பழைய வாணிகம். உப்பு விற்ற உமணர்களைச் சங்க இலக்கியம் பலமுறை காட்டுகிறது. ஆங்கில ஆட்சியில் உப்பு அரசின் கட்டுப்பாட்டுக்குள் சென்று வரிப்பொருளாயிற்று. கஞ்சியில் ஒரு கல் உப்பு சேர்ப்பவரும் அந்த வரியைக் கொடுத்தாக வேண்டும். வெயிலில் வியர்வை சிந்தி உழைப்பவருக்கே உப்பு மிகுதியாக வேண்டும் என்பதால் வரியின் சுமையும் அவர்கள்மேல்தான் கூடுதல்.

1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் கிளம்பிய இடம் டி.எஸ்.எஸ். ராஜனின் வீடு. ராஜன் 1880இல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர், லண்டனில் பயின்ற மருத்துவர், 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரானவர். சித்திரை வெயிலில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடை. தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்; தண்ணீரும் மோரும் வழியில் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்தவர்கள் 30ஆம் தேதி உப்பை அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். உப்பு வரி 1947இல் நீங்கியது.

அளவு கண்ட கதை

காலராவுக்கு நரம்புவழி உப்புநீர் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஆனால் அதற்கு ஊசி, குழாய், கிருமி நீக்கிய நீர், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். வாய்வழி கொடுக்க முடியுமா என்ற கேள்விக்குக் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 1953இல் விடை தந்தார். உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து லேசான காலரா நோயாளிகளைத் தேற்றியதை லான்செட் இதழில் வெளியிட்டார். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்தே உள்ளே செல்கின்றன, கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொள்கின்றன என்ற விளக்கம் 1960இல் ராபர்ட் கிரேன் என்பவரால் வந்தது. வெறும் உப்புநீர் பேதிக்குப் பலன் தராததற்கும், அதில் சிறிது இனிப்பு சேர்ந்ததும் பலன் தருவதற்கும் காரணம் இதுவே. 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்டு கேஷும் அளவு வகுத்துச் சோதித்தார்கள். 1971இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் திலீப் மஹலனபிஸ் பொட்டலம் கட்டிய உப்பு, குளுக்கோஸ் கலவையை டிரம்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினரையே மொண்டு கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தண்ணீர்ப் பந்தலின் பானையும் குவளையும் அங்கே மருத்துவமனைக் கருவிகள் ஆயின.

உலக சுகாதார நிறுவனம் 1975இல் ஓ.ஆர்.எஸ். என்னும் இந்த வாய்வழிக் கலவைக்குப் பொது அளவு வகுத்தது. 2002இல் அடர்த்தி குறைந்த கலவைக்கு மாறியது. இன்றைய பொட்டலத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். கரைத்தால் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சோடியம் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75 கிடைக்கும்.

கஞ்சிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால், உப்பிட்ட அரிசிக் கஞ்சி பேதிக்கு உதவுகிறதா என்று பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராமகிருஷ்ணாவும் குழுவினரும் எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ். கரைசலோடு சேர்த்துக் கொடுத்தபோது காலரா நோயாளிகளின் பேதி குறைந்ததை 2000இல் வெளியிட்டார்கள். பழையசோற்றின் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிக்கும் வழக்கம் இந்த ஆய்வுகளுக்குப் பல தலைமுறை மூத்தது.

பள்ளி மேசையில்

சி.வி. ராமன் 1888இல் திருவானைக்காவில் பிறந்தார். ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாக 1987 முதல் கொண்டாடப்படுகிறது. பள்ளிக் கண்காட்சிகள் பலவும் அந்நாளை ஒட்டி நடக்கின்றன. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, தன் ஊரில் உள்ள ஒரு சிக்கலை மாணவரே எடுத்து அளந்து எழுதவேண்டும் என்ற முறையைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. குடிபானங்களின் மின்பகுளிகள் அதற்கு இயல்பாகப் பொருந்தும் பொருள்.

முதல் சோதனைக்குப் பழைய டார்ச் பேட்டரியிலிருந்து எடுத்த இரண்டு கார்பன் குச்சிகள், 9 வோல்ட் பேட்டரி, சிறு எல்.இ.டி. விளக்கு போதும். காய்ச்சி வடித்த நீரில் குச்சிகளை நட்டால் விளக்கு எரியாது. சர்க்கரை கரைத்தாலும் எரியாது. சர்க்கரை அயனிகளாகப் பிரிவதில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் எரியும். எலுமிச்சைச் சாற்றிலும் இளநீரிலும் எரியும்.

அடுத்தது மின்கடத்துத்திறன். மீட்டரை முதலில் அளவு தெரிந்த கரைசலில் சரிபார்க்க வேண்டும்: லிட்டருக்கு 0.01 மோல் பொட்டாசியம் குளோரைடு கரைசல் 25 பாகை செல்சியஸில் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டும். வெப்பம் ஒரு பாகை ஏறினால் அளவு சுமார் 2 விழுக்காடு கூடும். ஆகையால் பானையில் குளிர்ந்த மோரையும் வெயிலில் இருந்த இளநீரையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் பி.பி.எம். எண்ணும் நேரடி எடையல்ல. மின்கடத்துத்திறனை ஒரு மாறிலியால் பெருக்கிய மதிப்பீடு. அது சர்க்கரையைக் காணாது. சோடியம் எது, பொட்டாசியம் எது என்றும் சொல்லாது.

பிரித்துச் சொல்ல வேறு சோதனைகள் வேண்டும். குளோரைடுக்கு மோர் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1856இல் வகுத்த தரம்பார்த்தல் முறை இருக்கிறது. நீர்மோரை மோர் முறையில் சோதிப்பது தமிழில் மட்டும் நேரும் பெயர்ப் பொருத்தம். பானத்தில் சில துளி பொட்டாசியம் குரோமேட் விட்டு, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்தால் முதலில் வெள்ளை வீழ்படிவு இறங்கும். குளோரைடு தீர்ந்ததும் செங்கல் நிறம் தோன்றும். 10 மில்லிலிட்டர் பானத்துக்கு 0.1 மோலார் கரைசல் 6 மில்லிலிட்டர் செலவானால், பானத்தில் லிட்டருக்கு 60 மில்லிமோல் குளோரைடு, அதாவது ஏறத்தாழ 3.5 கிராம் உப்பு இருக்கிறது. நீர்மோரை முதலில் திரியவைத்து வடிகட்ட வேண்டும். எலுமிச்சை சேர்ந்த பானத்தின் புளிப்பைச் சிறிது சமையல் சோடா கொண்டு முறிக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பிழையாகும். குரோமேட் நச்சுப்பொருள்; இந்தச் சோதனை ஆசிரியர் முன்னிலையில், கையுறையோடு செய்ய வேண்டியது. சுடர் சோதனையில் சோடியம் மஞ்சளாகவும் பொட்டாசியம் வெளிர் ஊதாவாகவும் எரியும். மஞ்சள் ஊதாவை மறைத்துவிடும் என்பதால் நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே பார்க்க வேண்டும்.

அளவுகள் காட்டுவது

லிட்டருக்கு 5 கிராம் உப்பிட்ட நீர்மோரில் அந்த உப்பிலிருந்து மட்டும் 86 மில்லிமோல் சோடியம் வருகிறது, ஓ.ஆர்.எஸ். அளவுக்குச் சற்று மேல். ஆனால் அதில் இனிப்பு குறைவு. பானகத்தில் இனிப்பும் வெல்லத்திலிருந்து வரும் பொட்டாசியமும் உண்டு. சில வீடுகளில் சேர்க்கும் ஒரு சிட்டிகை உப்பைத் தவிர அதில் சோடியம் அதிகம் இல்லை. இளநீரில் பொட்டாசியம் ஓ.ஆர்.எஸ். அளவைப் போல இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். சோடியம் மிகக் குறைவு. காயின் முற்றலைப் பொறுத்து இந்த அளவுகள் மாறும். பொட்டாசியம் மிகுதி என்பதால்தான் சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இளநீரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பதநீரில் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பிலிருந்து கால்சியம் சேர்கிறது. கோலா வகைகளில் சோடியம் அற்பம். சர்க்கரை லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல். பேதியின்போது இத்தனை இனிப்பு குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

ராமநவமிப் பந்தலில் நீர்மோரும் பானகமும் அடுத்தடுத்துக் கிடைப்பதன் வேதியியல் இதில் விளங்குகிறது. உப்பு ஒரு பானையில், இனிப்பு மறு பானையில், பொட்டாசியம் இளநீர்க் காய்க்குள். உடலுக்கு வேண்டியவை அனைத்தையும் இந்த ஊர் கண்டெடுத்திருந்தது. அவற்றை ஒரே கலத்தில் உரிய அளவில் சேர்க்கும் கணக்கு மட்டும் இல்லை. அந்தக் கணக்கு வாந்திபேதி நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்ததிலிருந்தும், அகதி முகாமின் டிரம்களிலிருந்தும் வந்தது.

2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உலக சுகாதார நிறுவன அளவுக்கு உட்படாத எந்தப் பானமும் தன் பெயரிலோ சிட்டையிலோ ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பந்தலில் வார்க்கும் நீர்மோர் வெயிலுக்கும் தாகத்துக்கும் போதும். பேதிக்கு வேண்டியது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்த 20.5 கிராம் பொட்டலம். அது கையில் இல்லாதபோது, தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு லிட்டர் தண்ணீரில்.